மருந்து இல்லாத நோய்க்கு எதுக்குங்க டெஸ்ட்டு?

"ஏனுங்க டாக்டர், இந்தச் சீக்குக்கு மருந்தே இல்லீங்கறீங்க. அப்பறம் எதுக்குங்க டெஸ்ட்டு, செலவு?"

சேவூர், அவிநாசி, புளியம்பட்டி பக்கம் பிராக்டீஸ் பண்ற எந்த டாக்டரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார். கேட்கிறவங்க மேல தப்பே இல்லை. தறி ஓட்டியும் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தும் சேர்த்த காசு. நோய்க்குப் பேர் தெரிஞ்சுக்க மட்டும் அதை எதுக்குக் கொட்டணும்?

என் கருத்து இதுக்கு நேர் எதிர். மருந்து இல்லாத நோய்க்குத்தான் டெஸ்ட்டைச் சீக்கிரமா, சரியா செய்யணும். ஏன்னு சொல்ல ஒரு நோயையும் ஒரு சாயத்தையும் எடுத்துக்கறேன். நோயின் பெயர் லஃபோரா. சாயத்தின் பெயர் பி.ஏ.எஸ். கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். லஃபோரா ரொம்ப ரொம்ப அரிதான நோய். வலிப்பு வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இது கிடையாது. அவங்களுக்கு வருவது பெரும்பாலும் மாத்திரையில் கட்டுப்படும் வலிப்புதான். இதைப் படிச்சுட்டு யாரும் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம்.

சரி, நோய் எப்படி ஆரம்பிக்கும்?

12 வயசிலிருந்து 17 வயசுக்குள்ள ஒரு பிள்ளை. அதுவரை நல்லா ஓடியாடி, நல்லாப் படிச்ச பிள்ளை. ஒருநாள் வலிப்பு வருது. சில மாசத்தில் கை கால் 'வெடுக் வெடுக்'னு உதற ஆரம்பிக்குது. கையில் இருக்கிற டம்ளர் தானா தெறிச்சு விழுது. சில பிள்ளைகள் கண்ணு முன்னால வெளிச்சம் தெரியுதுன்னு சொல்லும், ஒரு நிமிஷம் பார்வை மங்கிப் போச்சுன்னு சொல்லும், இல்லாத உருவம் தெரியுதுன்னுகூடச் சொல்லும். இந்தக் கடைசி விஷயம்தான் நம்ம ஊர்ல நேரா பூசாரிகிட்ட கொண்டு போய் விடும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தா பெரும்பாலும் நார்மல்னு வரும். "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க"ன்னு அனுப்பிடுவாங்க. ஆனா மார்க் குறையும். ஒரு வருஷத்தில் பாடம் மனசில் நிக்காது. மாத்திரை மாத்தி மாத்திக் கொடுத்தும் உதறல் கூடும். அப்புறம் பேச்சு குறையும், நடை தடுமாறும், படுக்கை. பெரும்பாலும் ஆரம்பிச்சு பத்து வருஷம் சுமாருக்குள் முடிவு.

எழுதவே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இதை மூடி வச்சு எழுதினா மேல சொல்லப்போற எதுவும் புரியாது.

இந்தப் பிள்ளையின் மூளைக்குள்ள என்ன நடக்குது? சர்க்கரையிலிருந்து ஆரம்பிக்கணும்.

நீங்க போட்டிருக்கிற பருத்திச் சட்டை, காலையில் குடிச்ச கஞ்சி, உங்க கல்லீரலில் சேர்த்து வச்சிருக்கிற கிளைக்கோஜன், மூணுமே ஒரே மணியில் கோத்த மாலைகள். அந்த மணி குளுக்கோஸ். பருத்தியில் மணிகள் கோர்க்கும் விதம் வேற, அதனால அது நூலாகுது, நமக்குச் செரிக்காது. அரிசி மாவுச்சத்தில் வேற விதம், அதனால செரிக்குது. கிளைக்கோஜன் மாவுச்சத்துக்குச் சொந்தக்காரன்தான். ஆனா வேப்பமரம் மாதிரி அடர்த்தியா கிளை விட்டிருக்கும். சுமார் பத்து மணிக்கு ஒரு கிளை.

அந்தக் கிளைகள் எதுக்கு? தண்ணியில் கரைஞ்சு இருக்கத்தான். கிளை குறைஞ்சு நீளநீளமா வளர்ந்தா சங்கிலிகள் ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கும், கரையாம கட்டியாகும். சூடா இருக்கிறப்ப தண்ணியா ஓடற அரிசிக் கஞ்சி ஆறினதும் ஏன் கெட்டியாகுது? அதுவும் இதே கதைதான், நீளச் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கிறது. சைசிங்கில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு விறைப்பேத்தறவங்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை.

உடம்பில் கிளைக்கோஜன் பெரும்பாலும் கல்லீரலிலும் தசையிலும். கல்லீரலில் சுமார் 100 கிராம், எல்லாத் தசையிலும் சேர்த்து 400 கிராம் சுமார். மூளையில் ரொம்பக் கொஞ்சம், மொத்த மூளைக்கும் ஒரு கிராம் சுமாருக்குத்தான் தேறும். அதுவும் நியூரான்களுக்குப் பக்கத்தில் நின்னு பணிவிடை செய்யற ஆஸ்ட்ரோசைட் செல்களில்தான் அதிகம். நியூரான் கையில் கிட்டத்தட்ட எதுவும் இருக்காது.

இந்தக் கிளைக்கோஜன் ஒழுங்கா உருவாகுதான்னு பார்த்துக்க இரண்டு புரதங்கள் உண்டு: லஃபோரின், மாலின். பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் மாதிரி வச்சுக்கங்க. இதில் ஏதாவது ஒண்ணுக்கான மரபணு அப்பா வழி, அம்மா வழி ரெண்டுலயும் பழுதாகி வந்தா செக்கிங் நின்னுபோகும். கிளை குறைஞ்ச, கரையாத சர்க்கரைக் கட்டிகள் மூளையில் சேரும். முக்கியமா, இருக்கவே கூடாத நியூரானுக்குள்ளேயே சேரும். அதுதான் லஃபோரா உருண்டைகள்.

இப்ப சாயத்துக்கு வருவோம். எனக்குப் பிடிச்ச இடம் இது, கொஞ்சம் நின்னுதான் போவேன்.

மூளையை ஃபார்மலினில் ஊறவச்சு, மெழுகில் பதிச்சு, ஒரு மில்லிமீட்டரை இருநூறு பங்காக்கின கனத்துக்குச் சீவி எடுத்து ஸ்லைடில் வச்சுப் பாருங்க. ஒண்ணுமே தெரியாது. கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி இருக்கும். சாயம் ஏத்தினாத்தான் செல் எது, நியூக்ளியஸ் எதுன்னு தெரியும்.

அந்தச் சாயங்கள் எங்கிருந்து வந்துச்சு? துணிச் சாயத் தொழிலில் இருந்து! நாங்க தினமும் நியூக்ளியசை நீலமாக்கப் பயன்படுத்தற ஹீமட்டாக்சிலின் ஒரு மரத்திலிருந்து எடுக்கிற சாயம், துணிக்கு ஏத்தினது. அது ஒட்டறதுக்குப் படிகாரம் சேர்க்கணும், பழைய சாயக்காரர்கள் செய்த அதே வேலை. 1856-ல் பெர்க்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடிச்சார். மூணு வருஷத்தில், பிரான்ஸில் பட்டு நகரமான லியோனில், ஃபுக்சின் என்ற கருஞ்சிவப்புச் சாயம் வந்துச்சு. பட்டுக்காக வந்த சாயம்.

1866-ல் ஹியூகோ ஷிஃப் என்ற வேதியியலாளர் அந்த ஃபுக்சினைக் கந்தக வாயுவால் வெளுத்து நிறமில்லாத தண்ணி மாதிரி ஆக்கினார். அதில் ஆல்டிஹைடு என்ற வகைப் பொருள் பட்டா மறுபடி பளீர்னு மெஜந்தா நிறம் வரும். தொட்டியில் நிறம் இல்லை, ஒட்டின இடத்தில் மட்டும் நிறம். அவுரித் தொட்டியில் பச்சை மஞ்சளா இருக்கிற நூல் வெளியே எடுத்துக் காத்துப்பட்டதும் நீலமாகுமே, அந்த மாதிரி ஒரு வித்தை.

சர்க்கரை மாலையில் அப்படியே ஷிஃப் திரவம் ஒட்டாது. முதல்ல பெர்அயோடிக் அமிலம் போடணும். அது குளுக்கோஸ் வளையத்தை உடைச்சு ஆல்டிஹைடு முனைகளை வெளியே கொண்டுவரும். அப்புறம் ஷிஃப் திரவம், அப்புறம் குழாய்த் தண்ணியில் அலசல். சர்க்கரை இருக்கிற இடமெல்லாம் மெஜந்தா. பெர்அயோடிக் ஆசிட் ஷிஃப், சுருக்கமா பி.ஏ.எஸ். இதைத் திசுக்களில் பயன்படுத்தலாம்னு 1946-ல் மெக்மேனஸ் காட்டினார். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள்ள முடியற வேலை.

நம்ம சாயப்பட்டறையில் பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடறோம். உப்பு, சோடா போட்டு, சாயத்தை இழையோடயே வேதிப் பிணைப்பில் கட்டறோம். அதனாலதான் துவைச்சாலும் போறதில்லை. ஷிஃப் சாயமும் அப்படிப் பிணைப்பில்தான் நிக்குது. ஸ்லைடில் ஒரு பஞ்சு இழை தவறி விழுந்தா அதுவும் பிங்க் ஆகலாம். அதுவும் சர்க்கரை மாலைதானே!

(சாயத்தைப் பத்தி எழுதிட்டு நொய்யலைப் பத்தி எழுதாம போறீங்களேன்னு கேட்பீங்க. 2011-ல் ஹைகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அது தனி த்ரெட், கட்டாயம் எழுதறேன்.)

திருப்பூரில் லேப் டிப் இல்லாம எந்த பையரும் ஷேடுக்கு ஓகே சொல்ல மாட்டார். எங்க லேபிலும் அதே கதை. ஒவ்வொரு தடவை பி.ஏ.எஸ். போடும்போதும், கட்டாயம் பிங்க் ஆகவேண்டிய ஒரு கன்ட்ரோல் ஸ்லைடைக் கூடவே போடணும். அது பிங்க் ஆகலேன்னா ஷிஃப் திரவம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். பேஷண்ட்டின் ஸ்லைடில் ஒண்ணுமில்லேன்னு அப்ப ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல். பி.ஏ.எஸ். போட்டா கிளைக்கோஜன் மட்டும் பிங்க் ஆகாது. சளி, பூஞ்சை, சிறுநீரகத்தின் மெல்லிய சவ்வு எல்லாமே ஆகும். அதனால ஒரே திசுவில் ரெண்டு சீவல் எடுப்பாங்க. ஒண்ணுக்கு முன்கூட்டியே டயாஸ்டேஸ் என்ற நொதியைப் போடுவாங்க. அது மாவுச்சத்தையும் கிளைக்கோஜனையும் தின்னுடும். நொதி போட்டதில் பிங்க் காணாம போனா அது சாதாரண கிளைக்கோஜன். அந்தக் காலத்தில் லேபில் இதுக்கு எச்சிலையே பயன்படுத்தியிருக்காங்க. சோத்தை ரொம்ப நேரம் மென்னா இனிக்குமே, அதே எச்சில் நொதிதான்.

லஃபோரா உருண்டைக்கு இந்த நொதி எளிதில் பல் பதிக்க முடியாது. நொதி போட்ட சீவலிலும் பிங்க் நிற்கும். அதுதான் துப்பு.

மூளையில் இந்தச் சோதனைக்கு ஒரு விசேஷம் உண்டு. உயிர் போய் ரத்த ஓட்டம் நின்ன சில நிமிஷத்திலேயே மூளை தன்கிட்ட இருக்கிற கொஞ்சநஞ்ச கிளைக்கோஜனையும் எரிச்சுத் தீர்த்துடும். அதனால சாதாரண மூளையில் பி.ஏ.எஸ். போட்டா நியூரானுக்குள்ள பிங்க் உருண்டை தெரியாது. வயசானவங்க மூளையில் ஓரங்களில் கார்ப்போரா அமைலேசியான்னு வட்டவட்டமா பிங்க் ஆகும், அது நரை மாதிரி, வயசின் அடையாளம். ஆனா ஒரு 18 வயசுப் பிள்ளையின் நியூரானுக்குள்ள பிங்க் உருண்டை இருந்தா அதுக்கு இருக்கிற விளக்கங்கள் ரொம்பக் குறைவு.

இந்த உருண்டைகளை முதலில் விவரிச்சவர் கொன்சாலோ லஃபோரா. ஸ்பெயின்காரர், புகழ்பெற்ற கஹாலின் மாணவர். வாஷிங்டனில் ஒரு மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தப்ப, வலிப்பும் உதறலும் வந்து இறந்த ஒருத்தரின் மூளையில் பார்த்து 1911-ல் எழுதினார். பி.ஏ.எஸ். வருவதற்கு 35 வருஷம் முன்னாடி!

நம்ம நாட்டுக் கதையும் இருக்கு. பெங்களூர் நிம்ஹான்ஸில் டாக்டர் சதீஷ்சந்திரா, நோய்க்குறியியல் நிபுணர் எஸ்.கே. சங்கர் உள்ளிட்ட குழு தென்னிந்தியாவில் லஃபோரா நோய் பற்றி 1993-ல் 'எபிலெப்சியா' இதழில் எழுதினாங்க. அதாவது 30 வருஷத்துக்கு முன்னாடியே 'இது வெள்ளைக்காரன் ஊர் நோய் இல்ல, நம்ம வீட்டிலும் இருக்கு'ன்னு எழுதி வச்சாச்சு. ஐ.ஐ.டி. கான்பூரில் சுப்பிரமணியம் கணேஷ் பல வருஷமா இந்த நோயை ஆராயறார். லஃபோரின் மரபணுவை நீக்கின சுண்டெலியை 2002-ல் உலகத்துக்குக் காட்டின ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் அவருடையது.

"அப்ப மண்டையைத் திறந்து மூளையை எடுக்கணுமா?" வேண்டாம். இதுதான் இந்த த்ரெட்டில் நீங்க ஞாபகம் வச்சுக்க வேண்டிய விஷயம்.

1981-ல் கார்ப்பென்டர், கர்பாட்டி ரெண்டு பேரும் இதே உருண்டைகள் தோலில் வியர்வைச் சுரப்பியின் குழாய்ச் செல்களிலும் இருக்குன்னு காட்டினாங்க. அக்குளிலோ முன்கையிலோ மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் தோல் எடுத்தாப் போதும். ஒரு தையல். பிள்ளை அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். மூளைக்குள்ள நடக்கிறதை அக்குள் தோல் சொல்லுது.

குறையும் உண்டு. அக்குளில் இருக்கிற இன்னொரு வகைச் சுரப்பியில் இயல்பாகவே பிங்க் துகள்கள் இருக்கும். அனுபவமில்லாத கண்ணு அதைப் பார்த்து லஃபோரான்னு சொல்லிட வாய்ப்பு இருக்கு. அதனால முன்கைத் தோல் எடுக்கிறதும் உண்டு. சில நேரம் நோய் இருந்தும் தோலில் சிக்காது. ஆகவே மரபணு சோதனையும் வேணும். லஃபோரின் மரபணு 1998-லும் மாலின் மரபணு 2003-லும் கண்டுபிடிச்சாச்சு, இப்ப ரத்தத்திலேயே பார்க்கலாம்.

"ஜீன் டெஸ்ட்டே வந்துடுச்சே, இனி எதுக்குப் பழைய சாயம்?" என்று நண்பர்கள் சிலர் கேட்கறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். ஜீன் ரிப்போர்ட்டில் 'மாற்றம் இருக்கு, ஆனா நோய் தருமான்னு உறுதியில்லை' என்று வரும் நாட்கள் நிறைய. அப்ப அந்த மாற்றம் உடம்பில் உண்மையிலேயே வேலையைக் காட்டியிருக்கான்னு சொல்லக்கூடியது இந்தப் பிங்க் உருண்டைதான். ரெண்டும் சேர்ந்தாத்தான் தராசு நேராகும்.

பெருசா எந்த வசதியும் வேண்டாம் இதுக்கு. சிறுநீரக பயாப்சிக்கும் பூஞ்சைக்கும் பேத்தாலஜி டிபார்ட்மென்ட்டுகளில் வழக்கமா போடற சாயம்தான் பி.ஏ.எஸ். திருப்பூருக்கும் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. கோயமுத்தூரில் எத்தனையோ வருஷமா இருக்கு. சாயம் இருக்கு, மைக்ராஸ்கோப் இருக்கு, பார்க்கிற கண்ணும் இருக்கு.

குறைவது ஒரே ஒரு வரி. தோலை எடுத்து அனுப்பற டாக்டர் ஃபாரத்தில் 'தோல் பயாப்சி'ன்னு மட்டும் எழுதினா, பேத்தாலஜிஸ்ட் வழக்கமான சாயத்தில் பார்த்துட்டு 'தோல் நார்மல்'னு எழுதுவார். அவர் மேல தப்பில்லை. 'லஃபோரா சந்தேகம், பி.ஏ.எஸ். டயாஸ்டேஸோடும் இல்லாமலும் பார்க்கவும்'னு எழுதினாத்தான் அவர் வியர்வைக் குழாயைத் தேடிப் பார்ப்பார். அந்த ஒரு வரி எழுதாததால் பல மாசம் வீணாப் போன கேஸை நான் பார்த்திருக்கேன்.

இப்ப முதல் கேள்விக்கு வர்றேன். மருந்தே இல்லையே, எதுக்கு?

ஒரு குடும்பத்தைப் பத்திச் சொல்றேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன். அப்பா விசைத்தறி, அம்மா வீட்டுலயே பனியனுக்குப் பிசிர் வெட்டறவங்க. பையனுக்கு 15 வயசு. ரெண்டு வருஷமா உதறல். அதுக்குள்ள மூணு ஆஸ்பத்திரி, நாலு கோயில், ஒரு மாந்திரீகர். தறி ஒண்ணை வித்தாச்சு. வட்டிக்கு வாங்கினது தனி.

அந்த அம்மாவைப் பார்த்து வீட்டில் தினமும் ஒரு பேச்சு. "உங்க பொறந்த ஊட்டு வழியில வந்த சீக்கு. எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது." அந்த அம்மா அதை நம்பவே ஆரம்பிச்சுட்டாங்க. என்கிட்ட தனியா வந்து கேட்டாங்க: "நாம் பண்ணுன பாவமுங்களா?"

தோல் ரிப்போர்ட்டும் ரத்த ரிப்போர்ட்டும் வந்த அன்னிக்கு எல்லாரையும் உட்கார வச்சு, பேப்பரில் ரெண்டு கோடு போட்டுக் காட்டினேன். இந்த நோய் வரணும்னா அப்பாகிட்டேயிருந்து ஒண்ணு, அம்மாகிட்டேயிருந்து ஒண்ணு, ரெண்டு பழுதும் சேரணும். ஒரு வழியில் மட்டும் வந்தா நோய் வரவே வராது. பாட்டி ரொம்ப நேரம் அந்தப் பேப்பரையே பார்த்துட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பேச்சு இல்லைன்னு அந்த அம்மா சொன்னாங்க. இதுக்கு எந்த கம்பெனி மாத்திரை இருக்கு, சொல்லுங்க?

அடுத்தது மருந்து. நோயைக் குணமாக்க மருந்து இல்லைன்னா எந்த மருந்தும் வித்தியாசம் பண்ணாதுன்னு அர்த்தம் இல்லை. வலிப்புக்கு வழக்கமாக் கொடுக்கிற கார்பமசெபின், ஃபெனிட்டாயின் மாதிரி மருந்துகள் இந்த வகை உதறலை அதிகமாக்கலாம். நோயின் பேர் தெரிஞ்சா மருந்தை மாத்தலாம். அந்தப் பையனுக்கு நியூராலஜிஸ்ட் மாத்தினார். உதறல் ஓரளவு குறைஞ்சு, சில மாசம் தன் கையால சாப்பிட்டான். (உங்க பிள்ளை இந்த மாத்திரை சாப்பிட்டா தயவுசெஞ்சு நீங்களா நிறுத்தாதீங்க. பல வலிப்புகளுக்கு அது நல்ல மருந்து. திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.)

அப்புறம் அடுத்த குழந்தை. அதே அப்பா அம்மாவுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மரபணு மாற்றம் இன்னதுன்னு தெரிஞ்சா கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்க்கலாம். தெரியலேன்னா பார்க்க வழியே இல்லை. நோயாளி இருக்கும்போதே இந்த டெஸ்ட்டைச் செய்யணும்னு நான் அடிச்சுச் சொல்றதுக்குப் பெரிய காரணம் இதுதான். பிள்ளை போன பிறகு, டெஸ்ட் பண்ண எதுவும் கையில் இல்லாம வந்து நிற்கிற அப்பா அம்மாவுக்குப் பதில் சொல்றது ரொம்பக் கஷ்டம்.

இங்கே எனக்கே ஒரு தயக்கம் இருக்கு. வீட்டில் எந்தத் தொந்தரவும் இல்லாம ஸ்கூல் போற தங்கச்சிக்கும் டெஸ்ட் பண்ணிடலாமான்னு கேட்பாங்க. அவசரப்பட வேண்டாம்னுதான் சொல்வேன். தடுக்க மருந்து இல்லாதப்ப, பத்து வயசுப் பிள்ளையின் தலையில் அந்த ரிப்போர்ட்டைச் சுமத்தறதா? மரபணு ஆலோசகர்கிட்ட ரெண்டு தடவை உட்கார்ந்து பேசணும். நாளைக்குத் தடுப்பு மருந்து வந்தா என் பதில் மாறும்.

டெஸ்ட்டே வேண்டாம்னு சொல்ற டாக்டர்களும் உண்டு. மூத்தவர் ஒருத்தர் என்கிட்ட சொன்னார்: "பேர் சொல்லிட்டா இருக்கிற நம்பிக்கையும் போயிடும். சாதாரண வலிப்புன்னு நினைச்சுட்டு இருந்துட்டுப் போகட்டுமே." அவர் அக்கறையில்தான் சொன்னார். ஆனா அந்த 'சாதாரண வலிப்பு' நம்பிக்கையின் விலையை யார் கட்டறாங்க? மாத்திரையைச் சரியாக் கொடுக்கலேன்னு அம்மாவைத் திட்டறாங்க. படிக்காம நடிக்கறான்னு பையனை வாத்தியார் அடிக்கறார். அடுத்த ஆஸ்பத்திரி, அடுத்த ஸ்கேன், அடுத்த கடன். பெத்தவங்க 'எங்களுக்குத் தெரிய வேண்டாம்'னு சொன்னா மதிக்கறேன். அவங்களைக் கேட்காமலே நாம முடிவு பண்றதைத்தான் ஒத்துக்க முடியலை.

சொந்தத்தில் கல்யாணம். இதைப் பேசாம விட முடியாது. தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நாலில் ஒரு கல்யாணத்துக்கும் மேல சொந்தத்தில்தான் நடக்குது, நாட்டிலேயே ரொம்ப அதிகம். மாமன் மகள், அத்தை மகன், சில சாதிகளில் அக்கா மகள். நம்ம எல்லாருக்கும் உடம்பில் சில பழுதான மரபணுக்கள் உறங்கிட்டுத்தான் இருக்கும். ஒரே பாட்டியிடமிருந்து வந்த பழுது ரெண்டு பேர்கிட்டயும் இருந்து, அவங்களே கட்டிக்கிட்டா, ரெண்டும் ஒரு குழந்தையில் சேர வாய்ப்பு கூடுது.

ஆனா பயமுறுத்தவும் கூடாது. மாமன் மகளைக் கட்டினவங்க குழந்தைகளில் பெரும்பாலானவங்க நல்லாத்தான் இருக்காங்க. பொதுவா எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கிற பிறவிக் குறை வாய்ப்போடு இன்னும் 2 முதல் 3 சதவீதம் சேருது, அவ்வளவுதான். ஆனா குடும்பத்தில் ஏற்கெனவே லஃபோரா மாதிரி ஒரு நோய் வந்திருந்தா கணக்கே வேற. அந்தப் பையனின் சித்தப்பா மகனும் அத்தை மகளும் முறைன்னு சொல்லி நாளைக்கு ஜாதகம் பார்ப்பாங்க. அதுக்கு முன்னாடி ஒரு ரத்த டெஸ்ட் பார்க்கலாமில்ல? பத்துப் பொருத்தத்தோட பதினொண்ணாவதா இருந்துட்டுப் போகட்டும். நோய்க்குப் பேரே தெரியலேன்னா எதைன்னு டெஸ்ட் பண்றது?

வாட்ஸப்பில் வர்ற இன்னொரு விஷயம்: "மூளையில் சர்க்கரைக் கட்டி, அதனால அரிசி, சர்க்கரை நிறுத்தினா சரியாகிடும்." ஆகாது. நீங்க அரிசி சாப்பிடலேன்னாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரிக்கும், மூளை அதை எடுக்கும். கொழுப்பு நிறைந்த கீட்டோ உணவை இந்நோய்க்குச் சின்ன அளவில் முயன்று பார்த்தாங்க, நோயின் ஓட்டம் நிற்கலை. இதுக்குன்னு பொடி விக்கறவங்ககிட்ட ஒரு ரூபா கொடுக்காதீங்க.

உண்மையான நம்பிக்கை வேற இடத்தில் இருக்கு. லஃபோரா சுண்டெலிகளில், கிளைக்கோஜன் தயாரிக்கும் நொதியையே குறைச்சுப் பார்த்தாங்க. உருண்டைகள் சேரலை, வலிப்புத் தொந்தரவும் குறைஞ்சுது. அதே வழியில் மனிதர்களுக்கான மருந்துகள் ஆராய்ச்சியில் இருக்கு. சுண்டெலியில் நடந்தது பிள்ளைகளிடம் நடக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அப்படி ஒரு மருந்து வந்தா முதல் கேள்வி 'மரபணு ரிப்போர்ட் இருக்கா?' என்பதாத்தான் இருக்கும்.

எப்ப சந்தேகப்படணும்? பத்து வயசுக்கு மேல புதுசா வலிப்பு, கூடவே கை கால் உதறல், நாளாக ஆகப் படிப்பும் ஞாபகமும் இறங்குது, மாத்திரைக்கு அடங்க மறுக்குது. இது எல்லாம் சேர்ந்து இருந்தா நியூராலஜிஸ்ட்கிட்ட 'லஃபோரா மாதிரி நோயா இருக்குமா, தோல் டெஸ்ட் வேணுமா?'ன்னு வாய்விட்டுக் கேளுங்க. இளம் வயதில் உதறலோடு வரும், மருந்துக்கு நல்லா அடங்கற இன்னொரு வலிப்பும் ஆரம்பத்தில் இதே மாதிரிதான் இருக்கும். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

போகும்போது உதறல் வரும் நேரத்தில் செல்போனில் எடுத்த வீடியோ கொண்டு போங்க. எந்தெந்த மாத்திரை எப்ப ஆரம்பிச்சு எப்ப மாத்தினதுன்னு ஒரு நோட்டில் எழுதிக்கங்க. மூணு வருஷ ஸ்கூல் ரேங்க் கார்டு இருந்தா அதையும். ஸ்கேனைவிட அந்த ரேங்க் கார்டு சில நேரம் அதிகம் சொல்லும்.

சக டாக்டர்களுக்கு: ஃபாரத்தில் அந்த ஒரு வரி. ப்ளீஸ்.

கேள்விகள் இருந்தா கேளுங்க, ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பதில் எழுதறேன். பிள்ளை பேரு, ரிப்போர்ட் போட்டோ மட்டும் பொதுவுல போடாதீங்க.